பிரிண்டர் கேட்ட சொல்

பிரிண்டரின் முகத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அதில் வீட்டு வைஃபையின் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைத் தொட்டால் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு, தோன்றுகிறது, மறைகிறது, மறுபடி தோன்றுகிறது, சொல்லு சொல்லு என்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டுகிற மாதிரி. லில்லிபுஷ்பம் தரையில் சம்மணம் போட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டு கேட்கிறது. மகள் பெயரைப் போட்டாயிற்று, பெனிட்டா, பிறந்த வருஷத்தைச் சேர்த்தும் போட்டாயிற்று, சேர்க்காமலும் போட்டாயிற்று. கணவரின் டயர் கடையின் பெயர், ஸ்கூட்டர் நம்பர், கோயில் தெருவின் பெயர். கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு தன் பெயரையே அடித்துப் பார்த்தாள், பக்கத்தில் ஆள் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு. திறந்திருந்தால் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து என் பெயரைப் போய் ஒரு மனுஷன் வைஃபைக்கு வைப்பானா என்று உடனே தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள், ஆனாலும் சின்னதாக ஒரு முள், குத்தியும் குத்தாமலும். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு யோசித்தது, பிறகு இணைக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. அந்த யோசிக்கிற நேரம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண் மேலே போகும், உதடு தயாராகும், நெற்றியில் நரம்பு புடைக்கும், இதோ வரப்போகிறது, இதோ, இதோ, அப்புறம் வருவது வேறு ஒன்றாக இருக்கும்.

"வெள்ளிக்கிழமை," என்றார் பின்னாலிருந்து தனராஜ்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு தலையணைமேல், அவருடையது இல்லை என்பதுபோல், வேறு யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போல் கிடந்தது. "தண்ணி வேணுமா?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள். பதில் இல்லை. "ஃபேனைக் கூட்டவா?" அதற்கும் இல்லை. அப்படியானால் ஒன்றுமில்லை, சும்மா சொன்னது. பக்கவாதம் வந்த பிறகு தனராஜிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சொல் அதுதான். பசிக்கும் வெள்ளிக்கிழமை, தூக்கத்துக்கும் வெள்ளிக்கிழமை, பாயில் நனைந்துவிட்டாலும் வெள்ளிக்கிழமை, பார்க்க வந்த பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்து முடித்ததும் ஆமென் என்று எல்லோரும் சொல்ல அவர் மட்டும் கண்ணை மூடியபடி வெள்ளிக்கிழமை என்றார், பாஸ்டரின் மனைவி வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியாது. முதலில் லில்லிபுஷ்பம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ரொம்பத் தூரம் போனாள். ஏன் வெள்ளிக்கிழமை? கல்யாணம் நடந்தது புதன். பெனிட்டா பிறந்தது ஞாயிறு, ஆராதனை நேரத்தில். அவருடைய அப்பா இறந்தது ஒரு திங்கள். பெரிய வெள்ளி வந்து போய் வெகுநாள் ஆகிவிட்டது. கடைக்கு வார விடுமுறைகூட வெள்ளி இல்லை. யாரிடமாவது வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தாரோ? யாரிடம்? அந்த 'யாரிடம்' என்கிற இடத்தில் அவள் மனசு இரண்டு மூன்று நாள் மாட்டிக்கொண்டு கிடந்தது, முள்வேலியில் சேலை மாட்டின மாதிரி, முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல். பிறகு வெட்கத்தை விட்டு டாக்டரிடமே கேட்டாள். அவர், "அர்த்தம் தேடாதீங்கம்மா. கதவு சாத்துனப்ப வாசல்ல நின்ன ஒரு சொல்லு வெளிய மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்" என்றார். அப்படியானால் மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என் பெயர் உள்ளே இருக்கிறதா? அதை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை.

சரி, ஒருவேளை. அவள் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டு வெள்ளிக்கிழமை என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். வட்டம் சுற்றியது. இணைக்க முடியவில்லை. நல்லவேளை, என்று ஏனோ தோன்றியது.

வைஃபைக்காரருக்குக் காலையிலேயே போன் செய்திருந்தாள். பேட்டைப் பக்கத்து ஆள், கடைக்கு டயர் மாற்ற வருவார், குடும்பத்தைத் தெரியும். "அக்கா, பாஸ்வேர்டை சார்தான் மாத்துனாவ. மேல் வீட்டுக்காரன் ஓசில படம் பாக்கான்னு அன்னைக்கு என்கிட்ட ஒரே சிரிப்பு. என்னன்னு எனக்குத் தெரியாதே. நாளைக்கழிச்சு வந்து பெட்டிய முதல்லேருந்து புதுசாப் போட்டுத் தாரேன். சாரு எப்படி இருக்காவ, பேசுதாவளா?" என்றார். "பேசுதாவ, பேசுதாவ," என்று அவள் அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பேசுகிறார் என்பது பொய்யில்லை. பேசத்தான் செய்கிறார். முன்பைவிட அதிகமாகவே. ஏற்ற இறக்கத்தோடு, கோபத்தோடு, கேலியோடு, ஒரு முழு வாக்கியத்தின் ராகம் முழுவதும் இருக்கும், உள்ளே சொல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அடுத்த அறையிலிருந்து கேட்டால் பழைய தனராஜ் யாரோடோ போனில் பேரம் பேசுகிறார் என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதற்காகவே அவள் சில சமயம் அடுத்த அறையில் கொஞ்சநேரம் கூடுதலாக நின்றிருக்கிறாள், கையில் மடிக்க வேண்டிய துணியை வைத்துக்கொண்டு, மடிக்காமல்.

அவர் இருந்திருந்தால், என்று நினைத்து, இருக்கிறார்தானே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் நன்றாக இருந்திருந்தால் இந்தப் பிரிண்டர் இப்படித் தரையில் அநாதையாக இருக்காது. விழுவதற்கு முந்தின சாயங்காலம்தான் வாங்கி வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, இருக்கட்டும், ஒரு வீடுன்னா பிரிண்டர் வேண்டாமா என்றார், ஒரு வீடென்றால் அம்மி வேண்டாமா என்கிற மாதிரி. நாலு பாட்டில் மையையும் குழந்தைக்குப் பாலூற்றுவதுபோல் சாய்த்துப் பிடித்து ஊற்றினார், சோதனைக்காகக் கோடு கோடாக ஒரு தாள் எடுத்து, பாத்தியா கலரை என்று அவள் மூக்கருகே நீட்டினார், அவள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள், நல்லா இருக்கு என்றாள், பார்க்காமலே. வைஃபை நாளைக்குப் போட்டுக்கிடலாம் என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்தார், வாயில் நுரை, பற்பசை நுரைதான் என்று அப்புறம் தெரிந்தது, ஆனால் அந்த வெள்ளை நுரையைப் பார்த்த நொடி இன்னும் அவள் வயிற்றுக்குள் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது, ரயில் நின்றுபோன மாதிரி, கிளம்பவே கிளம்பாமல். பார்த்திருக்கலாம் அந்தத் தாளை. தலையைத் திருப்பினால் போதும். கடுகு கருகியிருக்கும், கருகினால் என்ன.

இப்போது எடுக்க வேண்டிய தாள் வேறு. பேச்சுப் பயிற்சிக்கு வீட்டுக்கு வருகிற ரிஸ்வானா, மேலப்பாளையத்துப் பெண், பொறுமையே உருவானவள், வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். தண்ணீர். சாப்பாடு. கழிவறை. மாத்திரை. தூக்கம். வலி. ஆம். இல்லை. "எடுத்து வச்சுருங்க ஆன்ட்டி. அங்கிள் கையால தொட்டுக் காட்டட்டும். சொல்ல முடியாத கோவம் பாதி குறைஞ்சிரும்." எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போய்விட்டன. தெரு முக்கில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்தக் கடைக்காரனும் தனராஜும் தினமும் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு ஊர் அரசியல் முழுவதையும் அலசினவர்கள், இவர் குரல்தான் தெருமுனைவரை கேட்கும், அவன் கையில் கழிவறை என்கிற கோழிமுட்டை அளவு எழுத்தை எப்படிக் கொடுப்பது, அவன் அதை எடுத்து அடுக்கி, தட்டி, ஓரம் சரிசெய்து, எத்தனை காப்பி மதினி என்று கேட்பானே. இது ஒரு காரணம். இது நல்ல காரணம், யாரிடமும் சொல்லலாம். சொல்ல முடியாத இன்னொன்று அதற்கு அடியில் இருந்தது. லில்லிபுஷ்பம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் பீரோவில் இதே மாதிரி அட்டைகள் ஒரு பெட்டி நிறைய உண்டு, அணில், ஆடு, இலை, ஈ. முதல்நாள் மூக்கொழுக வருகிற பிள்ளைகளிடம் அவள் அட்டையைத் தூக்கிக் காட்டி இது என்னது என்று கேட்பாள், அந்தக் குரலே வேறு, தேன் தடவின குரல், வீட்டில் ஒருநாளும் எடுக்காத குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம், வாயைத் திறங்க, ஆ, நல்ல பிள்ளை என்று அந்தக் குரல் தானாகவே வந்துவிட்டது. அவர் கரண்டியைத் தட்டிவிட்டார். கஞ்சி சுவரில் தெறித்தது. அவள் துடைத்தாள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்தப் பார்வையில் ஒரு பழுதும் இல்லை, முழுசாகத் தனராஜின் பார்வை.

போன் அடித்தது. ரிஸ்வானாதான்.

"ஆன்ட்டி, சாயங்காலம் வாரேன். கார்டு எடுத்துட்டீங்களா?"

"பிரிண்டரைத்தாம்மா மாட்டிக்கிட்டு இருக்கேன். பாஸ்வேர்டு கேக்குது."

"அங்கிள் போன்ல இருக்குமே ஆன்ட்டி. அதைத் திறந்தா பாத்துரலாம்."

"அவர் போன் விரல் வச்சாத்தான் திறக்கும்."

"விரல் இருக்குல்லா?" என்றாள் ரிஸ்வானா, வெகு இயல்பாக.

இருக்கிறது. வலது கட்டைவிரல், தலையணைமேல், நகம் வெட்டி நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை அதைச் செய்தாள். இன்சூரன்ஸ் நம்பர் அவர் போனில்தான் இருந்தது, நர்ஸ் அவசரப்படுத்தினாள், அவர் தூங்குகிறார் என்று நினைத்து அந்தக் குளிர்ந்த விரலைத் தூக்கி போனில் வைத்து அழுத்தினாள், திறந்துகொண்டது, நிமிர்ந்தால் அவர் கண் விழித்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு இடதுகண் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கையைப் பிடித்திருக்கிறாள், அதை ஒரு சாவியாக எடுத்தது அன்றைக்குத்தான். இனி இல்லை. எது வந்தாலும் இல்லை. மகள் பூனாவிலிருந்து, உன் போன்லயே பாக்கலாம்மா, செட்டிங்ஸுக்குள்ள போ என்று சொல்லிக் கொடுத்தாள், இவளும் போய்ப் பார்த்தாள், பழைய போன், வரிசையாகப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன, சொல் இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன் என்று. எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. "பாக்கேம்மா," என்று ரிஸ்வானாவிடம் சொல்லிப் போனை வைத்தாள். வைத்தபிறகு தெரிந்தது, தன் குரலில் இருந்தது கவலை இல்லை, நிம்மதி. அவள் அப்படியே கையில் போனோடு உட்கார்ந்துவிட்டாள். இது இணையாமல் போகட்டும் என்றுதான் நான் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறேனா? தப்பான சொல்லை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் தப்பு என்றானதும் உள்ளுக்குள் மூச்சுவிட்டு? ஏனென்றால் அந்தத் தாள்கள் வந்துவிட்டால் முடிந்தது. அட்டை வந்துவிட்ட வீட்டில் அப்புறம் சொல் எதற்கு வரும்? இன்றைக்கோ நாளைக்கோ ஒருநாள் அடுப்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து புஷ்பம் என்று ஒரு குரல் வரும், அது வருகிற வழியைத் தான் அடைத்துவிடக் கூடாது என்று, ஒரு படிப்பாளிப் பெண், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், பைத்தியம்போல நம்பிக்கொண்டு. அதுவரை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று கத்த வேண்டும், நான் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். போன வாரம் அப்படித்தான், மூன்று தம்ளர், கடைசியில் பார்த்தால் சட்டைக்குள் எறும்பு.

"வெள்ளிக்கிழமை!" என்றார் தனராஜ், இந்தத் தடவை அதட்டலாக.

அவள் திரும்பினாள். அவர் இடதுகையை நீட்டி டிவிப் பக்கம் காட்டினார். "டிவி போடவா?" தலையை ஆட்டினார், இல்லை. "ரிமோட்டா? மேல அந்தப் போட்டோவா?" வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், முதலாவது இல்லை, இரண்டாவது முட்டாளே, மூன்றாவது கெஞ்சல். "எனக்கு விளங்கலங்க," என்றாள், அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, "சத்தியமா விளங்கல, என்ன செய்யச் சொல்லுதிய?" அவர் வாயை மூடினார். நாற்காலியின் கையை இடதுகையால் பற்றினார். வேண்டாம் என்று அவள் எழுவதற்குள் எழுந்துவிட்டார், ஊன்றுகம்பு சுவரோரம் கிடந்தது, அதை எடுக்கவில்லை, வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வந்தது, ஐயோ விழுந்துவிடுவார், விழுந்தால் இந்தத் தடவை இடுப்பு, அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள், பிடிக்கக் கை நீட்டினாள், அவர் தோளால் தள்ளினார், பிடிக்காமல் கூடவே நடந்தாள், இரண்டு கையையும் காற்றில் விரித்துக்கொண்டு, தத்தித் தத்தி வருகிற கோழிக்குப் பின்னால் போகிறவள்போல. டிவி மேஜைவரை அவ்வளவு தூரம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவர் மேஜையில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. இடதுகை மெதுவாக டிவிக்குப் பின்னால் போயிற்று, தூசிக்குள், வயர்களுக்குள், கண் கூரையைப் பார்த்தது, மளிகைக்கடையில் புளியைத் தடவிப் பார்க்கிறவர் மாதிரி விரல்கள் ஒவ்வொரு வயராகக் கேட்டுக் கேட்டுப் போயின, ஓரிடத்தில் நின்று எதையோ அமுக்கின, ஒரு சின்னச் சத்தம். டிவிக்கு நெட் கொடுக்கிற நீல வயரின் நுனி அவர் கையோடு வெளியே வந்தது. மறுநுனி வைஃபைப் பெட்டியிலேயே இருந்தது. அவர் அதை அவளிடம் நீட்டினார். பிறகு பிரிண்டரைக் காட்டினார்.

அவளுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பிரிண்டரை டிவிக்குப் பக்கத்தில் இழுத்து, பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மூலையில் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது, அதை உரித்தால் சதுரமாக ஒரு துளை. வயரைச் செருகினாள், டக்கென்று பிடித்துக்கொண்டது. திரையில் துடித்துக்கொண்டிருந்த கட்டம் காணாமல் போயிற்று. வயர் வழியாக இணைக்கவா என்று கேட்டது. ஆம் என்பதைத் தொட்டாள். வட்டம் சுற்றியது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், எது நடக்க வேண்டும் என்று இந்தத் தடவை தனக்கே தெரியாமல். இணைந்தது என்றது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. போனைத் திறந்து ரிஸ்வானா அனுப்பினதைத் தொட்டதும் பிரிண்டரின் பெயர் அதில் தயாராக நின்றது. உள்ளே ஏதோ இழுபட்டது, கரகரத்தது, முதல் தாள் நாக்கை நீட்டுவதுபோல வந்தது. தண்ணீர். ஒரு தம்ளர், நீல நிறத்தில். நீலம் நல்ல நீலமாக இருந்தது. "பாத்தியளா, கலரு நல்லா இருக்கு," என்றாள். அவர் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று.

எல்லாம் வந்து முடிந்ததும் அவள் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்தாள். இது என்னது என்ற கேள்வி தொண்டைவரை வந்தது, தேன் குரலோடு, விழுங்கிக்கொண்டாள். தண்ணீர் என்ற தாளை அவர் பார்த்தார், விரல் ஓரத்தால் தள்ளினார், அது தரையில் சறுக்கி விழுந்தது. சாப்பாடு, அதையும். கழிவறையைச் சற்றுநேரம் பார்த்து அதையும். மாத்திரை. தூக்கம். ஒவ்வொரு தாள் விழும்போதும் அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அவமானப்படுத்திவிட்டேன். சுவரில் தெறித்த கஞ்சிதான் மறுபடியும். எல்லாவற்றையும் பொறுக்கிக் கிழித்துவிட வேண்டும், ரிஸ்வானா வந்தால் பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் கை நின்றது. வலி. படத்தில் ஒரு ஆள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான், தலையைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள். அந்தத் தாளை அவர் எடுத்தார். அவள் நிமிர்ந்தாள்.

"வலிக்கா? எங்க? தலையா?" இல்லை என்று தலையாட்டினார். "தோளா? இப்ப நடந்ததுல காலு ஏதும்?" இல்லை. "நெஞ்சா? ஏங்க, நெஞ்சா?" இல்லை, இல்லை. அவர் அந்தத் தாளை முன்னால் நீட்டி அவள் மடியில் வைத்தார். வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினார். அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் குனிந்து தன் மடியில் மிஞ்சியிருந்த இரண்டு தாள்களை எடுத்தார், ஒரு கையால் பிரிக்க வரவில்லை, அவள் உதவப் போனாள், விடவில்லை, பல்லால் ஓரத்தைக் கடித்துப் பிரித்தார். ஆம் என்பதை அவள் இடது முட்டின்மேல் வைத்தார். இல்லை என்பதை வலது முட்டின்மேல். பிறகு நாற்காலியில் சாய்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"எனக்கென்ன, எனக்கு ஒண்ணுமில்லங்க," என்றாள் லில்லிபுஷ்பம்.

அவர் அசையவில்லை. மீன்காரி தெருவில் கூவிக்கொண்டு போனாள். இத்தனை நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள், போனில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில், பரவாயில்லை, ஆண்டவர் கிருபை, பரவாயில்லை. அவள் மடியைப் பார்த்தாள். மை இன்னும் முழுசாகக் காயவில்லை, அவர் கை பட்ட இடத்தில் சிவப்புக் கோடு லேசாகத் தீற்றியிருந்தது. வாயைத் திறந்தால் மறுபடியும் பரவாயில்லை என்றுதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் விரலை எடுத்து ஆம் என்பதன்மேல் வைத்தாள்.